நடந்து போகும் தூரத்தில் ஒரு கழகம்: இங்கிலாந்தில் நான்-லீக் கால்பந்து அணிக்கு ஆதரவாளராவது எப்படி

இங்கிலாந்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குள் கால்பந்து பெரும்பாலும் தொலைக்காட்சி வழியாகவே நுழைகிறது. தந்தை லிவர்பூல், மகன் ஆர்சனல், மருமகன் மான்செஸ்டர் யுனைடெட் என்று ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடுவார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூடத் தம் அணியின் மைதானத்தில் காலடி வைத்திருக்கமாட்டார். அதே வேளையில், வீட்டிலிருந்து இருபது முப்பது நிமிட நடையில், வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் விளக்குக் கம்பங்கள் உயர்ந்து நிற்கும் ஒரு சிறு மைதானத்தில், நூறாண்டுக்கு மேற்பட்ட வயதுடைய ஒரு கழகம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆடிக்கொண்டிருக்கும். அந்த மைதானத்துக்குப் போவது எப்படி, போன பிறகு என்ன செய்வது, நாளடைவில் அந்தக் கழகத்தைத் தம்முடையதாக்கிக்கொள்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

‘நான்-லீக்’ என்ற பெயரைக் கேட்டு, லீக் எதிலும் சேராத அணிகள் என்று எண்ணிவிடக் கூடாது. 1888இல் தொடங்கிய ஃபுட்பால் லீக்கும், பின்னர் அதிலிருந்து பிரிந்த பிரீமியர் லீக்கும் சேர்ந்து இன்று 92 கழகங்களைக் கொண்டுள்ளன. அந்த நான்கு அடுக்குகளுக்குக் கீழே இருக்கும் அனைத்துக்கும் பொதுவான பெயரே நான்-லீக். ஐந்தாம் அடுக்கில் நேஷனல் லீக். ஆறாம் அடுக்கில் அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள். அதற்கும் கீழே நார்தர்ன் பிரீமியர், சதர்ன், 1905இல் தொடங்கிய இஸ்த்மியன் ஆகிய லீக்குகள். அவற்றின் அடியில் மாவட்ட அளவிலான லீக்குகள் என்று இந்தக் கோபுரம் அகன்றுகொண்டே இறங்குகிறது. மேலேறும் வழி நீண்ட காலம் அடைபட்டே இருந்தது. 1987இல் ஸ்கார்பரோ கழகம்தான் முதன்முதலில் ஐந்தாம் அடுக்கை வென்ற தகுதியால் தானாகவே ஃபுட்பால் லீக்கினுள் நுழைந்தது. இப்போது ஆண்டுதோறும் இரண்டு கழகங்கள் ஏறுகின்றன, இரண்டு இறங்குகின்றன. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சிறு கழகத்தில் வாரம் முப்பது பவுண்டுக்கு ஆடிய ஜேமி வார்டி, 2016இல் லெஸ்டர் சிட்டியுடன் பிரீமியர் லீக்கை வென்ற கதை பலருக்கும் தெரிந்திருக்கும்.

எந்தக் கழகம்?

கழகத்தைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் விதி ஒன்றுதான்: வீட்டுக்கு அருகில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிப் பட்டியலைப் பார்க்கவேண்டாம், சட்டையின் நிறத்தைப் பார்க்கவேண்டாம், பத்திரிகையில் பேசப்படுகிறதா என்றும் பார்க்கவேண்டாம். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு புறப்பட்டு, ஆறு மணிக்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில் இல்லாத கழகத்துக்கு நவம்பர் மாத மழையில் எவரும் தொடர்ந்து போவதில்லை.

லண்டன் தமிழர்களுக்கு இந்தத் தொலைவு ஒரு தடையே அன்று. ஈஸ்ட் ஹாமில் மளிகை வாங்கப் போகிறவர் அங்கிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடந்தால், ஃபாரஸ்ட் கேட்டில் 1888 முதல் கால்பந்து ஆடப்பட்டுவரும் ஓல்டு ஸ்பாட்டட் டாக் மைதானத்தை அடைந்துவிடலாம். டூட்டிங், மிச்சம் பகுதிகளில் இருப்பவர்களுக்கு டூட்டிங் அண்ட் மிச்சம் யுனைடெட் இருக்கிறது. பின்னாளில் பிரீமியர் லீக்கில் பெயர் பெற்ற மிக்கெய்ல் அன்டோனியோ அங்கிருந்து எழுந்தவர். நியூ மால்டன் பக்கத்தினர் டால்வொர்த்தில் உள்ள காரிந்தியன்-கேஷுவல்ஸ் கழகத்தைப் பார்க்கலாம். 1910இல் பிரேசிலுக்குச் சென்ற, இதன் முன்னோடியான பழைய காரிந்தியன் அணியைக் கண்டு வியந்துதான் சாவோ பாவ்லோவில் காரிந்தியன்ஸ் என்ற மாபெரும் கழகத்துக்கு அப்பெயர் இடப்பட்டது. பிரேசிலில் கோடிக்கணக்கானோர் கொண்டாடும் பெயரின் தோற்றுவாய், இங்கே சில நூறு பேர் கூடும் ஒரு சிறு மைதானத்தில் ஊதியம் வாங்காத வீரர்களோடு நிற்கிறது.

அருகில் இரண்டு மூன்று கழகங்கள் இருந்தால் மட்டும், உரிமை யாரிடம் உள்ளது என்று விசாரித்துப் பாருங்கள். சில கழகங்கள் ஒரு தனி முதலாளியின் கையில் இருக்கும். அவர் மனம் மாறினால் கழகத்தின் கதியும் மாறும். சில கழகங்கள் ஆதரவாளர்களுக்கே சொந்தமானவை. சசெக்ஸில் உள்ள லூயிஸ் கழகம் 2010 முதல் அவ்வாறே நடக்கிறது. ஆண், பெண் அணிகளுக்குச் சமமான நிதி ஒதுக்குவதென்று 2017இல் அது முடிவெடுத்ததும் அந்த அமைப்பினால்தான் எளிதாயிற்று.

பிரீமியர் லீக் அணியைக் கைவிட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு, தேவையில்லை. 2010இல் ‘நான்-லீக் டே’ என்ற நாளைத் தொடங்கிய ஜேம்ஸ் டோ என்பவரே குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ரசிகர். பெரிய அணிகளுக்கு ஆட்டமில்லாத வாரத்தில் ரசிகர்கள் பக்கத்துச் சிறு கழகத்துக்குப் போய் வரட்டும் என்பதே அவரது யோசனை. முதன்முறை போவதற்கு அந்த நாள் மிகவும் ஏற்றது. அன்று உங்களைப் போலவே புதியவர்கள் பலர் விழித்துக்கொண்டு நிற்பார்கள்.

புறப்படுவதற்கு முன்

ஆட்டம் நடக்கிறதா என்பதை அன்று காலையிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். சிறு மைதானங்களில் வடிகால் வசதி குறைவு. ஒரு இரவு மழைக்கே தரை சேறாகிவிடும், ஜனவரியில் உறைந்துவிடும். நடுவர் காலையில் வந்து தரையை அழுத்திப் பார்த்து, பந்தை உருட்டிப் பார்த்து, ஆட்டத்தைத் தள்ளிவைப்பது சாதாரணம். அந்தச் செய்தி கழகத்தின் சமூக ஊடகக் கணக்கில்தான் முதலில் வரும். மைதானம் எது என்பதையும் பாருங்கள், ஏனெனில் இடமில்லாத கழகங்கள் வேறொரு கழகத்தின் மைதானத்தைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். டல்விச் ஹேம்லெட் 2018இல் தன் சாம்பியன் ஹில் மைதானத்தை இழந்து டூட்டிங் அண்ட் மிச்சத்தின் இடத்தில் ஆடியது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் வீடு திரும்பியது.

முன்பதிவு பெரும்பாலும் வேண்டியதில்லை. கட்டணம் அடுக்குக்கு அடுக்கு மாறினாலும், கீழ் அடுக்குகளில் பத்துப் பவுண்டுக்கு முன்னும் பின்னுமாக இருக்கும். சிறுவர்களைப் பல கழகங்கள் பணமின்றியோ மிகக் குறைந்த தொகைக்கோ அனுமதிக்கின்றன. கையில் கொஞ்சம் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான காரணம் பின்னால் வரும். உடையைப் பொறுத்தவரை, நம் ஆட்கள் மேலே மூன்று அடுக்கு அணிந்துகொண்டு காலுக்கு மெல்லிய காலணியோடு வந்து நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். சிமெந்துத் தரையில் இரண்டு மணி நேரம் நிற்கும்போது குளிர் காலடியிலிருந்துதான் ஏறும். தடித்த காலுறை, தடித்த அடிப்பாகமுள்ள காலணி ஆகிய இரண்டும் இருந்தால் மற்றவற்றைச் சமாளித்துவிடலாம்.

வாயிலுக்கு உள்ளே

சுழல் வாயிலில் பணம் வாங்குபவர் அநேகமாகக் கழகத்தின் தன்னார்வலராக இருப்பார். அவரிடம் ‘முதல் தடவை வருகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். தேநீர்க் கடை எங்கே, கூரை எந்தப் பக்கம், நம் அணி முதல் பாதியில் எந்தக் கோலை நோக்கி ஆடும் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த முறை போகும்போது உங்கள் முகம் அவருக்கு நினைவிருக்கும். இருநூறு பேர் வரும் இடத்தில் அது அதிசயமில்லை, ஆயினும் அறுபதாயிரம் பேர் அமரும் மைதானத்தில் எத்தனை ஆண்டுகள் போனாலும் கிடைக்காத ஒன்று.

புரோகிராம் என்ற சிறு கையேட்டை அச்சிடும் கழகமாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எதிரணியின் வரலாறும், போன வார ஆட்டத்தின் விவரமும், உள்ளூர்க் கடைகளின் விளம்பரங்களும் அதில் இருக்கும். அதன் பிறகு ஒருவர் சீட்டுக் கற்றையோடு வருவார். ‘ஃபிஃப்டி-ஃபிஃப்டி’ என்பது அதன் பெயர். திரளும் தொகையில் பாதி குலுக்கலில் வென்றவருக்கு, மீதிப் பாதி கழகத்துக்கு. சில்லறை எடுத்துவரச் சொன்னது இதற்காகத்தான். நான் இதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை; ஆனாலும் வாங்காமல் இருந்ததில்லை. தேநீர்க் கடையில் சிப்ஸ், பர்கர், தேநீர் ஆகியவற்றோடு போவ்ரில் என்ற சூடான பானமும் தருவார்கள். அது மாட்டிறைச்சிச் சாறு என்பதால், சைவர்கள் தேநீரோடு நிறுத்திக்கொள்ளவும். பியர் அருந்துபவர்களுக்கு ஒரு செய்தி: 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முதல் ஐந்து அடுக்குகளின் ஆட்டங்களில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது. அதற்குக் கீழே அந்தத் தடை பொருந்தாது என்பதால், கிளாஸைக் கையில் பிடித்தபடியே கோலின் பின்னால் நிற்பவர்களைக் காணலாம்.

எங்கே நிற்பது என்பதுதான் முக்கியம். இருக்கைகள் இருந்தாலும் முதல் நாளில் அமராதீர்கள். ஆடுகளத்தைச் சுற்றி இடுப்பளவில் ஒரு கம்பித் தடுப்பு ஓடும். அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நில்லுங்கள். பக்கவாட்டு வீரர் உங்களிடமிருந்து கைநீட்டும் தொலைவில் மூச்சிரைத்து ஓடுவார். தடுப்பாட்டக்காரர் தம் தோழரை எப்படி ஏசுகிறார், பயிற்சியாளர் எதைத் திரும்பத் திரும்பக் கத்துகிறார், இரண்டு பேர் மோதும்போது எலும்பு எப்படி ஒலிக்கிறது என்பவற்றையெல்லாம் தொலைக்காட்சி ஒருபோதும் காட்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் நாவாந்துறை சென் மேரிஸ், பாஷையூர் சென் அன்ரனிஸ் போன்ற கழகங்களின் உதைபந்தாட்டத்தைக் கோட்டோரம் நின்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஓசைகள் புதியவையல்ல, மறந்துபோனவை, அவ்வளவே.

இடைவேளையில் ஒரு விந்தையைக் காண்பீர்கள். உள்ளூர் ஆதரவாளர்கள் கொடிகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி மறுமுனைக்கு நடப்பார்கள், ஏனெனில் இரண்டாம் பாதியில் தம் அணி எந்தக் கோலைத் தாக்குமோ அதன் பின்னால் நிற்பதே வழக்கம். எதிர்த்திசையில் வரும் எதிரணி ஆதரவாளர்களோடு நடுவழியில் சந்திப்பு நடக்கும், கேலி நடக்கும், சிலவேளை தேநீர் வரிசையில் இரு தரப்பும் கலந்துவிடும். நீங்களும் அவர்களோடு நடந்து போங்கள்.

ஒரு எச்சரிக்கை. இங்கே நீங்கள் சொல்வது கேட்கும். நடுவரை ஏசினால் அவர் திரும்பிப் பார்ப்பார். ஒரு வீரரின் உடலைக் கேலிசெய்தால், பக்கத்தில் நிற்பவர் அவருடைய தாயாராக இருக்கக்கூடும். திங்கட்கிழமை காலை அந்த வீரர் மின்பணியாளராகவோ, ஆசிரியராகவோ, பொதிகளைக் கொண்டுவந்து தருபவராகவோ உங்கள் வாசலுக்கே வரலாம்.

ஆகஸ்டில் தொடங்கும் கோப்பை

ஒரு சீசனில் எந்த ஆட்டத்தைத் தவறவிடக் கூடாது என்று கேட்டால், எஃப்.ஏ. (கால்பந்துச் சங்கம்) கோப்பையின் தகுதிச் சுற்று ஆட்டத்தையே சொல்வேன். 1871-72இல் தொடங்கிய இந்தக் கோப்பை, தொலைக்காட்சி ரசிகருக்கு ஜனவரியில் பிரீமியர் லீக் அணிகள் நுழையும் மூன்றாம் சுற்றில்தான் கண்ணில் படும். உண்மையில் அது ஆகஸ்டு மாதத்தின் வெயிலில், வெட்டுக்கிளிகள் தாவும் மைதானங்களில், எழுநூறுக்கும் மேற்பட்ட கழகங்களோடு தொடங்கிவிடுகிறது. ஆறு தகுதிச் சுற்றுகளைத் தாண்டி நவம்பரில் முதல் சுற்றை அடையும் இடம் 32 நான்-லீக் கழகங்களுக்கு மட்டுமே உண்டு. ஒவ்வொரு வெற்றிக்கும் பரிசுத் தொகை உண்டு. சிறு கழகத்துக்கு இரண்டு சுற்றுகளின் பரிசு ஓர் ஆண்டின் செலவில் கணிசமான பங்கை அடைத்துவிடும். ஆகவே அந்த ஆட்டங்களில் வீரர்கள் ஓடுவது வேறுவிதமாக இருக்கும்.

அபூர்வமாக, அந்த ஓட்டம் மேலே வரை எட்டிவிடும். ஃபுட்பால் லீக்கில் அப்போது இல்லாத ஹெரெஃபோர்டு யுனைடெட் 1972இல் முதல் அடுக்கிலிருந்த நியூகாசிலை 2-1 என வென்றது. தன் மைதானமான கேண்டர் கிரீன் லேனில் 1989 ஜனவரியில் சட்டன் யுனைடெட், இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோப்பையையே வென்றிருந்த கவென்ட்ரி சிட்டியை அதே எண்ணிக்கையில் வீழ்த்தியது. சட்டனின் மேலாளர் பேரி வில்லியம்ஸ் ஆங்கில ஆசிரியர். ஆறாம் அடுக்கிலிருந்த மெய்ட்ஸ்டோன் 2024இல் இரண்டாம் அடுக்கிலிருந்த இப்ஸ்விச்சை அதன் சொந்த மைதானத்தில் வென்றது. எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது ஒரு தோல்வி. 2021 ஜனவரியில், அப்போது எட்டாம் அடுக்கிலிருந்த மரீன் கழகம், லிவர்பூலுக்கு அருகிலுள்ள கிராஸ்பியில் பிரீமியர் லீக் அணியான டாட்டனத்தை எதிர்கொண்டது. கோவிட் காரணமாகப் பார்வையாளருக்கு அனுமதியில்லை. கழகம் வாழ வேண்டிய நுழைவுப் பணம் முழுவதும் போயிற்று. உள்ளே போக முடியாத டிக்கெட்டைப் பத்துப் பவுண்டுக்கு விற்கத் தொடங்கினார்கள். முப்பதாயிரத்துக்கும் மேல் விற்றது. மைதானத்தை ஒட்டிய வீடுகளில் வசித்தவர்கள் தம் கொல்லைப்புறத்திலிருந்தே ஆட்டத்தைப் பார்த்தார்கள். மரீன் 0-5 எனத் தோற்றது.

கோப்பையிலிருந்து உங்கள் கழகம் வெளியேறிய பிறகும், நான்-லீக்குக்கென்றே உள்ள எஃப்.ஏ. டிராஃபியும், கீழ் அடுக்குகளுக்கான எஃப்.ஏ. வேஸும் இருக்கின்றன. 2016 முதல் இவற்றின் இறுதியாட்டங்கள் ஒரே நாளில் வெம்ப்லியில் நடக்கின்றன.

ரசிகர் ஆதரவாளர் ஆவது

ஆதரவு என்ற சொல்லுக்குத் தாங்குதல் என்ற பொருள் உண்டு. நான்-லீக்கில் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய அணிக்கு நீங்கள் வராவிட்டால் உங்கள் இருக்கைக்கு வேறொருவர் காத்திருக்கிறார். இங்கே நூற்றைம்பது பேரில் நீங்கள் ஒருவர் வராவிட்டால், அறிவிக்கப்படும் வருகை எண்ணிக்கை 149 ஆகிவிடும். அந்த நூலிழை வேறுபாட்டைக் கணக்காளர் கவனிப்பார்.

நான்கைந்து ஆட்டங்கள் போன பிறகு, ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்று சொல்லும் கழகத்தை நான் கண்டதில்லை. வாயிலில் பணம் வாங்குதல், வலை கட்டுதல், கொடி நடுதல், சமூக ஊடகத்தில் கோல் விவரம் இடுதல், படம் எடுத்தல், கணக்கு எழுதுதல் என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. ஓர் அணி அடுக்கு ஏறுவதற்குப் புள்ளிகள் மட்டும் போதாது. கூரை, இருக்கை, விளக்கு என ஒவ்வொரு அடுக்குக்கும் மைதானத் தர விதிகள் உண்டு. அவற்றை நிறைவேற்றாத அணி களத்தில் வென்றும் ஏற முடியாமல் போகலாம். ஆகவே தச்சு வேலை தெரிந்த ஓர் ஆதரவாளர், கோல் அடிக்கும் வீரருக்கு ஒப்பான மதிப்புடையவர்.

உறுப்பினர் அமைப்புள்ள கழகமாக இருந்தால் சேர்ந்து, ஆண்டுக் கூட்டத்தில் வாக்களியுங்கள். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பதே இத்தகைய அமைப்புகளின் பொது விதி. அந்த வாக்கின் வலிமைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற 2002இல் அனுமதி வழங்கப்பட்டபோது, ஆதரவாளர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டனை உருவாக்கி, விம்பிள்டன் காமன் புல்வெளியில் வீரர்த் தேர்வு நடத்தி, ஒன்பதாம் அடுக்கிலிருந்து தொடங்கினார்கள். 2011இல் ஃபுட்பால் லீக்கை எட்டினார்கள். ஃபாரஸ்ட் கேட்டிலோ, பழைய கிளாப்டன் கழகத்தின் நிர்வாகத்தோடு முரண்பட்டு ஆட்டங்களைப் புறக்கணித்த ஆதரவாளர்கள் 2018இல் கிளாப்டன் கம்யூனிட்டி என்ற புதிய கழகத்தைத் தொடங்கினார்கள். ஸ்பானியக் குடியரசின் சிவப்பு, மஞ்சள், ஊதா நிறங்களில் அவர்கள் வெளியிட்ட வெளியூர்ச் சட்டை ஸ்பெயின் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்டது. 2020இல் அவர்கள் ஓல்டு ஸ்பாட்டட் டாக் மைதானத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

நிறம் வேறான நம்மை அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். தயக்கத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சிறு கூட்டத்தில் புதியவர் எவரும் முதலில் பார்க்கப்படுவார். மூன்றாவது வாரத்தில் அந்தப் பார்வை தலையசைப்பாக மாறிவிடும். கசப்பான சொல் எதுவும் காதில் விழுந்தால், மைதானப் பொறுப்பாளரிடம் அங்கேயே சொல்லுங்கள். அவர் பத்தடி தொலைவில்தான் நிற்பார். இந்த மைதானங்களில் தமிழ்க் குரல் முன்பே ஒலித்தும் இருக்கிறது. 2018 மே, ஜூனில், ஃபிஃபாவில் இடமில்லாத அணிகளுக்காக கொனிஃபா நடத்திய உலகக் கோப்பை லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள நான்-லீக் மைதானங்களில் நடந்தது. பதினாறு அணிகளில் ஒன்றாகத் தமிழீழ அணியும் ஆடியது. இறுதியாட்டம் என்ஃபீல்டு டவுன் கழகத்தின் மைதானத்தில் நடந்தது.

லீக் ஆட்டங்கள் ஏப்ரல் இறுதியில் முடியும். மே மாதத்தில் எந்தக் கழகம் எந்தப் பிரிவில் ஆடும் என்ற பட்டியலைக் கால்பந்துச் சங்கம் வெளியிடும். புவியியல் கணக்கில் உங்கள் கழகத்தைப் பக்கத்துப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டால், அடுத்த ஆண்டு வெளியூர்ப் பயணங்கள் முழுவதும் மாறிவிடும் என்பதால் அந்த நாளில் ஆதரவாளர்களின் தொலைபேசிகள் ஓய்வதில்லை. அதன் பின் புல் விதைக்கவும் தடுப்புக் கம்பிக்கு வண்ணம் பூசவும் ஆள் கேட்டுச் செய்தி வரும். பழைய உடையில், கையுறையோடு போங்கள். ஜூலையில் நட்பு ஆட்டங்கள் தொடங்கும்போது, சாய்ந்து நிற்கும் கம்பியின் எந்தப் பகுதிக்கு நீங்கள் வண்ணம் பூசினீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.